பதினான்கு ஆணிகளும் ஒரு சாரமும்

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டின் முன்பாதி என் மனைவி நடத்தும் டே கெயார். பின்பாதியில் நான் வசிக்கிறேன். நடுவே ஒரு கதவு. காலை ஏழரைக்கு அதைத் திறந்தால் இரண்டரை வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பதினான்கு பேர். மூடினால் என் புத்தகங்கள். மாகாண அலுவலகம் ஒன்றில் இருபத்தாறு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து, சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி, அவற்றை எவரும் வாசிப்பதில்லை என்பதை நன்றாக உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு விருப்ப ஓய்வில் வந்தவன் நான். வீட்டிலிருந்து எழுதப்போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் கால் தரிக்காது. எழுந்து நடப்பேன். பின்பாதி நடப்பதற்குப் போதாது. ஆகவே கதவைத் திறப்பேன்.

மனைவி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எனக்கு ஓர் உத்தியோகம் தந்தார்.

"இப்பிடி அங்கையும் இஞ்சையும் திரியிறதுக்கு, அந்தப் பேசினடியில நிண்டு பிள்ளையளின்ர கையைப் பாருங்கோவன்."

கை கழுவும் அந்தப் பேசின் அவருடைய பெருமைகளில் ஒன்று. பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்வாகக் கட்டுவித்தது. பக்கத்துச் சுவரில் வரிசையாகப் பதினான்கு ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் கை துடைக்க ஒரு சின்னத் துவாய், ஒவ்வோர் ஆணிக்கும் மேலே ஒரு படம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் தன் படம் தெரியும். கிளி, குடை, அன்னாசி, பஸ் என்று போகும். நாளடைவில் பிள்ளைகளுக்கே அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. "குடை அழுகுது", "அன்னாசி பஸ்ஸைக் கடிச்சிட்டான்" என்று எங்கள் வீட்டில் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. பஸ் என்பது நான்கு வயதுப் பெண்பிள்ளை. முதலில் அவளுக்குக் கொடுத்த ரோசாப்பூவை வேண்டாம் என்று சொல்லி, இரண்டு நாள் சண்டை பிடித்துப் பஸ்ஸை வாங்கியவள்.

ஏற்பாட்டில் ஒரேயொரு குறை. கண்டிப் பக்கத்து ஐப்பசி மழையில் துவாய் காய்வதில்லை. மனைவி தினமும் மாலையில் பதினான்கையும் துவைத்து, பின்விறாந்தைக் கொடியில் போட்டு, காலையில் எடுத்துக் கொண்டுபோய் மாட்டுவார். காலையில் அவை, நேற்று எந்த நிலையில் போடப்பட்டனவோ அதைவிடச் சற்றுக் குளிராக இருக்கும். ஒரு மெல்லிய வாடையும் வரும். மழை முடிந்தால் சரியாகிவிடும் என்று வருடாவருடம் சொல்லிக்கொள்வோம்.

நான் உத்தியோகத்தைப் பாரமாக எடுத்துக்கொண்டேன். கை கழுவுவதைப் பற்றி வாசித்தேன். இரவுச் சாப்பாட்டில் மனைவிக்கு அதை விளக்கினேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து மிச்சத்தைக் கேட்பதாக அவர் சொன்னார், வரவில்லை. பிள்ளைகள் அவசரப்படாமல் கழுவுவதற்கு ஒரு பாட்டு வேண்டும் என்று தோன்றியது. சுற்றறிக்கை மொழிபெயர்த்த கை அல்லவா, மூன்று நாளில் பாட்டு வந்துவிட்டது.

உள்ளங்கை தேய்ப்போம், புறங்கை தேய்ப்போம்,
விரலிடை எல்லாம் நுரையை மேய்ப்போம்,
பெருவிரல் பிடித்துத் திருகிப் பார்ப்போம்,
நகத்தின் அழுக்கைத் தண்ணியில் தீர்ப்போம்,
அங்கிளிடம் போய்க் கையைச் சேர்ப்போம்.

கடைசி வரி முதலில் அப்படி இருக்கவில்லை. "துவாய் எடுத்து ஈரம் துடைப்போம்" என்றுதான் எழுதியிருந்தேன். மேய்ப்போம், பார்ப்போம், தீர்ப்போம் என்று வந்த ஓட்டத்தில் "துடைப்போம்" கல்லில் தட்டியது மாதிரி இருந்தது. அடித்தேன். புதிய வரியில் ஓசையும் நயமாக இருந்தது, நானும் இருந்தேன்.

பாட்டு பிடித்துக்கொண்டது. ஒரு நாளைக்கு நான்கு தரம் பிள்ளைகள் பாடிக் கழுவினார்கள். கடைசி வரி வந்ததும் ஓடிவந்து இரண்டு கைகளையும் எனக்குக் காட்டுவார்கள். நான் குனிந்து, மருத்துவ நிபுணர் மாதிரிப் பார்த்து, "திறம்" என்பேன். அடுத்த கணம் பிள்ளை என் காலைக் கட்டிப்பிடிக்கும். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, நான் உடுத்தியிருக்கும் சாரத்தில் முகத்தைப் புதைத்து, இரண்டு கையாலும் இறுக்கி, மேலும் கீழும் தடவி, பிறகு ஓடிவிடும்.

எங்கள் மகள் தூரதேசத்தில் வேலை. என் காலை யாராவது கட்டிப்பிடித்துப் பல வருடம். இப்போது பதினான்கு பேர், நாளுக்கு நான்கு தரம். கணக்கில் நான் பலவீனமானவன், ஆனாலும் இந்தப் பெருக்கலை அடிக்கடி செய்து பார்த்தேன். கூட வேலை செய்த பழைய கந்தோர் நண்பர்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். குழந்தைகளுக்கு மனிதரை இனம் காணும் ஒரு புலன் இருக்கிறது, பெரியவர்களாகும்போது அதை இழந்துவிடுகிறார்கள் என்பது அப்போதைய என் கருத்து.

ஐப்பசி நடுவில் ஒரு திங்கட்கிழமை கிளி வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தது. புதன்கிழமை அன்னாசிக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் வயிற்றோட்டம். வெள்ளிக்கிழமை காலை குடையின் தாய் தொலைபேசி எடுத்தார். அவர் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். தான் வேலை செய்யும் இடத்திலேயே பிள்ளைக்குச் சேலைன் ஏற்றிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அது எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மனைவி தானே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தார். அப்படிப்பட்டவர். பரிசோதகர் கெலிஓயாவிலிருந்து வருகிற, மெதுவாகப் பேசும் இளம் மனிதர். மத்தியானம் வந்து தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்தார், சமையலறையைப் பார்த்தார், பதினான்கு ஆணிகளையும் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் ஈக்குது டீச்சர்," என்றார். "அதுதான் எனக்குப் பயம். நான் திங்கக்கெழம வாறேன். காரணம் என்னெண்டு தெரிஞ்சா திருத்தலாம். தெரியாட்டி மூடச் சொல்லித்தான் எழுதோணும். எப்ப தொறக்கலாமெண்டு எனக்குச் செல்ல ஏலாது."

மனைவி தலையை ஆட்டினார். பதினொரு வருடமாக நடத்தும் இடம். பிள்ளைகளின் தாய்மாரில் ஒருவர் நேர்ஸ், இருவர் ஆசிரியைகள், பலர் கட்டுகஸ்தோட்டைக் கடைகளில் நிற்பவர்கள். இங்கே மூடினால் அவர்கள் பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. ஒரு மாதம் மூடிக் கிடந்தால் ஒருவரும் திரும்பி வரப்போவதில்லை என்பதும் மனைவிக்குத் தெரியும்.

சனிக்கிழமை முழுவதும் காரணம் தேடினோம். நான் தண்ணீர்த் தாங்கிக்குள் எட்டிப் பார்க்க ஏணியில் ஏறி, இறங்கத் தெரியாமல் நின்றேன். மனைவிக்கு உதவியாக இருக்கும் அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு, "சேர், கீழ பாக்காம வாங்க. மேலயும் பாக்காதீங்க," என்றார். தாங்கிக்குள் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. அரிசியைக் கொட்டிப் பார்த்தோம். விளையாட்டுப் பொருட்களை அவித்தோம். ஒரு பிளாஸ்டிக் யானை மூக்கை இழந்தது. பாலில் சந்தேகப்பட்டோம், பக்கத்து வீட்டுப் பூனையில் சந்தேகப்பட்டோம். மனைவி நிலத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் உட்காருவதும் எழும்புவதுமாக இருந்தேன்.

"என்னப்பா, ஒரு இடத்தில இருங்கோ. பாக்க எனக்குத் தலை சுத்துது."

"யோசிக்கிறன்."

"இருந்துகொண்டு யோசிக்க ஏலாதோ?"

ஞாயிற்றுக்கிழமை பகல். மழை விட்டுவிட்டுப் பெய்தது. பின்விறாந்தையில் நடந்துகொண்டிருந்தபோது கொடியில் என் நீலக்கட்டச் சாரம் கண்ணுக்கு நேரே தொங்கியது. துவைக்கப் போட வேண்டியதை மறந்து, அப்படியே கொடியில் எறிந்திருக்கிறேன். அதில் முழங்கால் உயரத்தில் ஒரு பட்டை. நிறம் மாறிய ஒரு பட்டை, சுற்றிவர. கிட்டப்போய்ப் பார்த்தேன். பீற்றூட் சிவப்பு, பருப்பு மஞ்சள், களிமண் பச்சை. அதற்குள் சின்னச் சின்ன விரல்கள். ஒன்றின்மேல் ஒன்று, ஒரே உயரத்தில், யாரோ அளவுகோல் வைத்து அடித்தது மாதிரி.

கட்டிப்பிடிப்பவர்கள் மேலும் கீழும் தடவுவதில்லை.

அது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. அத்தனை நாளும் ஏன் விளங்கவில்லை என்பதும் விளங்கியது. கிளி சத்தி எடுத்த அன்று காலை எந்தக் கையை என் சாரத்தில் துடைத்ததோ, அதே இடத்தில் குடை முகத்தைப் புதைத்திருக்கிறாள். அதற்குக் கூப்பிட்டு வரி எழுதிக் கொடுத்தவன் நான்.

உடனே உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். காரணம் கிடைத்தால் மூட வேண்டியதில்லை என்று அந்த மனிதர் தெளிவாகச் சொல்லியிருந்தார். மனைவி உள்ளே மூன்றாம் தரம் நிலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கதவுவரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். ஒன்பது சாரங்களையும் சுடுதண்ணீரில் ஊறவைத்தேன். குற்றத்தை ஊறப்போட்டாயிற்று, நாளையிலிருந்து காற்சட்டை போட்டால் நோய் தானாக நின்றுவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று எனக்கு நானே ஒரு சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், நோயைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தப் பிள்ளைகள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை என்பதைத்தான் சத்தமாகச் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை காலை கந்தோர்க் காலத்துச் சாம்பல் காற்சட்டையைப் போட்டேன். இடுப்பில் அது என்னை அடையாளம் காண மறுத்தது.

"எங்கை போறியள்?" என்றார் மனைவி.

"ஒரு இடமும் இல்லை. அவர் வாறார்தானே, ஒரு மரியாதைக்கு."

பரிசோதகர் ஒன்பது மணிக்கு வந்தார். தண்ணீரில் பிழை இல்லை என்றார். பிள்ளைகளில் வந்திருந்தவர்கள் எட்டுப் பேர். நான் பின்பாதியில் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு புத்தகத்தைப் பிடித்தபடி கதிரையின் நுனியில் இருந்தேன். அவர் கையிலிருந்த கடிதக் கோவைக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுப்பது தெரிந்தது.

"அப்ப காரணம் ஒண்டும் அம்புட இல்ல, டீச்சர்."

"இல்லை," என்றார் மனைவி. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எழும்பினேன். மறுபடி இருந்தேன். அவர் பேனையைத் திறந்தார். பிறகு எதையோ யோசித்தவர் மாதிரிப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"யாராவது ஒரு புள்ள கை கழுவிக் காட்டுங்க பாப்பம்."

பஸ் எழுந்தாள். வேறு யார் எழுவார்கள். பேசினுக்குப் போனாள், சவர்க்காரம் எடுத்தாள், பாடினாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடை, பெருவிரல், நகம். ஒரு வரியும் விடவில்லை. பரிசோதகரின் முகம் மலர்ந்தது. மனைவியின் முகத்திலும் அந்த நான்கு நாளில் முதல்முறையாக ஏதோ தெளிந்தது.

பஸ் பைப்பை மூடினாள். ஈரக் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, ஆணிகளின் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல், தன் பஸ் படத்தையும் அதன் கீழ்த் துவாயையும் தாண்டி, பரிசோதகரைத் தாண்டி, விறாந்தையைத் தாண்டி, நடுக்கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். வழியெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பின்னாலேயே இரண்டு பெரியவர்கள்.

என் முன்னால் நின்று கீழே பார்த்தாள்.

"சாரம் எங்க?"

அவள் காற்சட்டையில் ஒருதரம் துடைத்துப் பார்த்தாள். நைலோன் கலந்த துணி. தண்ணீர் உருண்டு வழிந்தது. கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது நல்லால்ல. நாளைக்குச் சாரம் போடுங்க."

பரிசோதகர் பேனையை மூடினார். மனைவி என் காற்சட்டையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் காலையிலிருந்து நடந்த எல்லாம் ஒவ்வொன்றாகத் தன்னிடத்தில் போய் உட்காருவதை நான் கண்டேன்.

"சேர்," என்றார் பரிசோதகர், "எத்தின புள்ளைகள் இப்பிடித் தொடைக்கிற?"

"பதினாலு."

"ஒரு நாளைக்கு?"

"நாலு தரம்."

"சாரம் மாத்துற?"

"ரெண்டு நாளைக்கொருக்கால்." கொஞ்சம் யோசித்து, "மழைக்காலத்தில மூண்டு," என்றேன்.

அவர் முழங்காலிட்டுப் பஸ்ஸிடம் கேட்டார். "ஒங்கட டவல்ல ஏன்மா தொடைக்க இல்ல?"

"அது குளிரும். மணக்கும். அங்கிள் காஞ்சிருப்பாரு."

உதவிக்கு இருக்கும் அக்கா கதவருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "எனக்குத் தெரியுங்க," என்றார் மெதுவாக. "இதுதான் நோய்க்குக் காரணம்னு தோணலீங்க. துணிதானேன்னு நெனச்சேன். சேர் அவ்வளவு சந்தோசமா நின்னுக்கிட்டு இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

பரிசோதகர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "கழுவினா மட்டும் போதாது சேர்," என்றார். "ஈரக் கைலதான் கிருமி கூட ஒட்டும். ஒரு புள்ளைட கைல ஈந்தத நீங்க எல்லாருக்கும் பங்கு வெச்சுக் குடுத்தீக்கீங்க." படிவத்தை எழுதாமலேயே கோவைக்குள் வைத்தார். மூன்று நாள் மூடி எல்லாவற்றையும் துவைக்க வேண்டும், பிறகு திறக்கலாம், ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு பிள்ளைக்கும் காய்ந்த துணி ஒன்று, ஒருதரம் தொட்டது வாளிக்கு. பத்து நாள் புதிதாக ஒரு பிள்ளையும் நோயில் விழக்கூடாது என்றார். "விழுந்தா இந்தப் படிவம் திரும்ப வெளிய வரும் டீச்சர். நான் கிழிக்க இல்ல."

அவர் போனபின் மனைவி கேட்டார்.

"எப்ப தெரியும்?"

"நேற்று."

"நேற்றுத் தெரிஞ்சு, இண்டைக்குக் களிசான் போட்டுக்கொண்டு வந்து இருந்தனீங்கள்."

"ஓம்."

"காரணம் இல்லை எண்டு நான் சொல்லேக்கை கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்."

"எழும்பினனான்," என்றேன். அது உண்மை. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அவர் உள்ளே போனார். நான் விறாந்தையில் நடந்தேன். நடப்பதற்கும் உரிமை இல்லாதவன் மாதிரி இருந்தது. அரை மணித்தியாலத்தில் கத்தரிக்கோலோடு வந்தார்.

"எத்தினை சாரம் இருக்கு?"

"ஒன்பது."

"ஒண்டை விட்டுட்டு மிச்சத்தைக் கொண்டுவாங்கோ. பழஞ்சாரம், நல்லா உறிஞ்சும். பிள்ளையளுக்குத் தெரிஞ்சிருக்கு."

ஒரு சாரத்தில் இருபது துண்டு. கண்ணுக்கு முன்னால் என் எட்டுச் சாரங்களும் நூற்றறுபது சதுரங்களாயின. வெட்டும்போது மனைவி ஒருதரம் மட்டும் நிமிர்ந்து, "பாட்டில துடைக்கிறது எங்கையப்பா?" என்றார். இருந்தது, ஓசைக்கு ஒத்துவராததால் அடித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் மறுபடி வெட்டத் தொடங்கினார்.

அந்தப் பத்து நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான் அயன் பண்ணினேன். பாவித்த துண்டுகளை அவித்து, துவைத்து, கொடியில் போட்டு, ஐப்பசியால் காய வைக்க முடியாததை அயன் சூட்டில் காய வைத்து, மடித்துக் கூடையில் அடுக்கினேன். நாளுக்கு ஐம்பதுக்கு மேல். கைக்கு வேலை வந்ததும் கால் கொஞ்சம் அடங்கியது, மனம் அடங்கவில்லை. ஒரு பிள்ளை இருமும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். ஒருவன் சோற்றைத் தள்ளி வைத்தால் போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் அன்னாசி மூலையில் குனிந்து ஓங்கரித்தான். மனைவியும் நானும் ஒரே நேரத்தில் எழும்பினோம். வாளியோடு ஓடிய அக்கா அவன் வாயைத் திறந்து விரலை விட்டு ஒரு பொத்தானை எடுத்தார். என் சட்டைப் பொத்தான். அயன் மேசையடியில் விழுந்திருக்கிறது.

"இனி சட்டையையும் வெட்டவோ?" என்றார் மனைவி. அந்த ஒன்பது நாளில் என்னோடு அவர் சொன்ன முதல் பகிடி அது. நான் போய்ப் பின்பாதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பத்தாம் நாள் பரிசோதகர் வந்தார். புதிதாக நோயில்லை. படிவத்தைக் கோவையிலிருந்து எடுத்து, இரண்டாகக் கிழித்து, எங்கள் குப்பைக் கூடையிலேயே போட்டார். போகுமுன் கை கழுவி, கூடையிலிருந்து ஒரு நீலக்கட்டத் துண்டை எடுத்து, விரித்துப் பார்த்து, என்னைப் பார்த்து, விரல் விரலாகத் துடைத்தார்.

குடை அதற்கு அடுத்தநாள்தான் வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். தாய் கதவடியில் நின்று, "கண்ணு, அங்கிளுக்குக் கை காட்டிட்டுப் போ," என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் வழக்கமான இடத்தில், காற்சட்டையோடு நின்றேன். பாட்டின் கடைசி வரியைத் திருத்தியிருந்தோம், "துணியை எடுத்து ஈரம் துடைப்போம்." ஓசை நொண்டுகிறது. பதினான்கு பேரில் ஒருவரும் அதைப்பற்றி முறையிடவில்லை.

குடை கழுவினாள். புதிய வரியை மற்றப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து முணுமுணுத்தாள். ஒரு துண்டு எடுத்து, விரலிடுக்கெல்லாம் துடைத்து, வாளிக்குள் போட்டாள். பிறகு என்னைக் கண்டு நின்றாள். நான் என்னையறியாமல் கொஞ்சம் குனிந்தேன்.

இருந்த இடத்திலிருந்தே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"காஞ்சிருச்சு," என்றாள். சொல்லிவிட்டு, மூக்கில்லாத யானையை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.